ரத்தக்குழாய் கெட்டால் ஞாபகமும் கெடுமா? செட்டிநாட்டுப் பெரியவர்களுக்காக ஓர் இழை

பள்ளத்தூர்க்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். அப்பச்சிக்கு (எங்கள் அப்பாவுக்கு) 74 வயது. ரொம்ப வருஷமாகப் பிரஷர் உண்டு, மாத்திரையை விட்டு விட்டுத்தான் போடுவார். சமீபத்தில் மதுரையில் எம்ஆர்ஐ எடுத்தோம். மூளைக்குள் இருக்கும் மெல்லிய ரத்தக்குழாய்கள் பல இடங்களில் அடிபட்டிருக்கின்றன, இப்போது வந்திருக்கும் தடுமாற்றத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று டாக்டர் சொன்னார். வெளியே கூட்டம் நின்றது, அதற்கு மேல் கேட்க முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மறதி நோய் என்றால் பெயர் மறக்கும், சாப்பிட்டது மறக்கும் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தோம். அப்பச்சிக்கு அப்படி இல்லை. பேரன் பேத்தி பெயர் எல்லாம் சரியாகச் சொல்கிறார். ஐயா பர்மாவிலிருந்து வந்து சேர்ந்த கதையை ஒரு வரி பிசகாமல் சொல்கிறார். ஆனால் ஒரு வேலையை வரிசையாகச் செய்ய வரவில்லை. எங்கள் பங்காளிகள் சேர்ந்து முன்னோர்களைக் கும்பிடும் படைப்புக்குப் புள்ளிக் கணக்கு, அதாவது குடும்பவாரி வரவு செலவுக் கணக்கு, எழுதுவது எப்போதும் அவர்தான். யார் கொடுத்தார், யார் பாக்கி, போன தடவை என்ன செலவு, எல்லாம் விரல் நுனியில் இருக்கும். இந்தத் தடவை நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் பக்கத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பேனா மூடியைக் கழற்றுகிறார், மாட்டுகிறார், மறுபடி கழற்றுகிறார். நடையும் மாறிவிட்டது. காலைத் தூக்கி வைக்காமல் தரையைத் தேய்த்தபடி சின்னச் சின்ன அடி. வீட்டு முகப்பிலிருந்து வளவுக்கு (உள்முற்றப் பகுதிக்கு) போகும் வாசல்படியைத் தாண்டத் தயங்குகிறார். சின்ன விஷயத்துக்கெல்லாம் கண் கலங்குகிறது.

பிரஷரை இத்தனை வருஷம் ஏனோதானோ என்று விட்டதுதான் இதற்குக் காரணமா? இனிமேல் மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் பயன் உண்டா? அப்புறம், எனக்கு 49 வயது. கடைசியாகப் பார்த்தபோது 138/88 இருந்தது. "இதெல்லாம் ஒன்றுமில்லை" என்கிறார்கள் நண்பர்கள். அப்படி விட்டுவிடலாமா?

தேவகோட்டை ஆச்சி

தம்பி, நீங்கள் எழுதியதை வாசித்ததும் எங்கள் அயித்தை ஞாபகம்தான் வந்தது. அவர்களுக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருந்தன. கோளாறு ஒரேயடியாக வரவில்லை. நன்றாக இருப்பார்கள், திடீரென ஒருநாள் காலையில் பேச்சு கொஞ்சம் குழறும், ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள். ஆனால் பழைய அளவுக்கு வர மாட்டார்கள். கொஞ்ச மாதம் அப்படியே ஓடும். அப்புறம் இன்னொரு தடவை. படிப்படியாக இறங்கியது.

வீட்டில் எல்லோரும் "வயசாகிவிட்டது" என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த ஒரு வார்த்தைதான் நம் ஊரில் பல பேரை டாக்டரிடம் போக விடாமல் தடுக்கிறது என்பது என் எண்ணம்.

மதுரை நரம்பியல்

நான் நரம்பியல் மருத்துவர். உங்கள் அப்பச்சியின் ஸ்கேனைப் பார்க்காமல் அவரைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன், பொதுவாகச் சொல்கிறேன்.

உடம்பின் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜனில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்குப் போகிறது. மூளைக்குச் சேமிப்பு என்று எதுவும் கிடையாது, ரத்தம் நிமிஷம் தவறாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். கழுத்து வழியாகப் போகும் பெரிய தமனிகள் மேலே போய்க் கிளை பிரிந்து, கடைசியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குழாய்களாக மூளையின் ஆழத்துக்குள் இறங்குகின்றன. வருஷக்கணக்கில் அழுத்தம் கூடுதலாக இருந்தால் இந்த மெல்லிய குழாய்களின் சுவர் தடிக்கும், உள்வழி குறுகும், சில அடைத்தே போகும். கண்மாய் நிறையத் தண்ணீர் இருந்தாலும் வாய்க்கால் தூர்ந்துபோனால் முதலில் காய்வது கடைமடை வயல்தான். மூளையில் அந்தக் கடைமடை, ஆழத்தில் இருக்கும் வெண்பகுதி. மூளையின் ஒரு மூலையை இன்னொரு மூலையோடு இணைக்கும் நரம்பிழைகள் எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன.

அதனால்தான் இந்த வகையில் பெயர் மறப்பதற்கு முன்பே வேறு சில விஷயங்கள் மாறும். யோசனை மெதுவாகும். திட்டமிடுவது, கணக்கை வரிசையாகப் போடுவது, ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பது கஷ்டமாகும். நடை தேயும். அழுகை சட்டென்று வரும். சிலருக்குச் சிறுநீரை அடக்க முடியாமல் போகும். நீங்கள் எழுதியதில் இவற்றில் பல இருக்கின்றன. ஆச்சி சொன்ன படிப்படியான இறக்கம், சின்னச் சின்ன பக்கவாதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது தெரிவது.

இன்னொன்று முக்கியம். "இது அல்சைமரா, ரத்தக்குழாயா?" என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி வீட்டார் கேட்பார்கள். வயதானவர்களில் பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கின்றன. அமெரிக்காவில் கன்னியாஸ்திரீகள் இறந்தபின் தங்கள் மூளையைத் தானம் செய்த ஓர் ஆய்வு உண்டு. 1997ல் வெளியான அதன் முடிவு இன்றைக்கும் என் மனதில் நிற்கிறது. அல்சைமர் மாற்றங்கள் மூளையில் இருந்தவர்களுக்குள்ளேயே, ஆழத்தில் சின்ன ரத்த அடைப்புகளும் இருந்தவர்கள்தான் உயிரோடு இருந்தபோது மறதி நோயால் மிக அதிகமாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அல்சைமரை நம்மால் இன்னும் தடுக்க முடியவில்லை. அதோடு சேர்ந்து தள்ளிவிடும் ரத்தக்குழாய்க் கோளாறைத் தடுக்க முடியும். எனக்கு இந்தத் துறையில் பிடிமானம் தருவதே இதுதான்.

உங்கள் 138/88 பற்றி: அதை ஒன்றுமில்லை என்று விடாதீர்கள். இங்கிலாந்தில் அரசு ஊழியர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வில், 50 வயதில் பிரஷரின் மேல் அளவு (உங்கள் 138/88ல் முதல் எண்) 130 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. 2018ல் வெளியானது. இதய நோயோ பக்கவாதமோ வராதவர்களிடமும் அப்படித்தான். நீங்கள் நிற்பது சரியாக அந்த வயதில்.

சிங்கையிலிருந்து

மன்னிக்கவும், கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். எங்கள் ஐயா 91 வயது வரை இருந்தார். சுருட்டு பிடித்தார், மூன்று வேளையும் நெய் ஊற்றிச் சாப்பிட்டார், ஒரு மாத்திரை போட்டதில்லை. கடைசி வரைக்கும் புத்தி கத்தி மாதிரி. அவர் தம்பி யோகா செய்தவர், சைவம், 70க்குள் எல்லாம் மறந்துவிட்டது. இது பரம்பரை விஷயம், தலையெழுத்து. பிரஷர் மாத்திரையில் அடங்கும் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

மதுரை நரம்பியல்

உங்கள் ஐயா போன்றவர்கள் எல்லா ஊரிலும் உண்டு, நானும் பார்த்திருக்கிறேன். பரம்பரையும் உண்மைதான், சில மரபணு வகைகள் அல்சைமர் வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஆனால் தப்பித்தவர் ஒருவரை வைத்து ஊருக்கே முடிவு சொல்ல முடியாது. அதே சுருட்டும் நெய்யும் வைத்துக்கொண்டு 60 வயதில் பக்கவாதத்தில் விழுந்தவர்களின் கதை நம் வீடுகளில் பெருமையாகப் பேசப்படுவதில்லை, அதனால் காதில் விழுவதில்லை.

லான்செட் மருத்துவ இதழின் குழு 2024ல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சேர்த்துப் பார்த்தால் உலகில் மறதி நோயின் சுமார் 45 சதவீதம் அவற்றோடு தொடர்புள்ளது என்கிறது. அதில் உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, உடல் பருமன், உடல் உழைப்பின்மை, நடுத்தர வயதில் கெட்ட கொழுப்பு என்று ஏறக்குறைய பாதி ரத்தக்குழாயைத் தொடுகிற விஷயங்கள். காது கேளாமையும் கண் பார்வைக் குறைவும் தனிமையும்கூட அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மீதி 55 சதவீதத்தில் உங்கள் "தலையெழுத்து" இருக்கட்டும், அதில் நான் சண்டை போட மாட்டேன். கையில் இருக்கிற 45ஐ விட்டுவிட வேண்டாம் என்பதுதான் நான் சொல்வது.

கோட்டையூர் மருந்துக்கடை

கடையில் உட்கார்ந்திருப்பவன் பார்வையில் சொல்கிறேன். பிரஷர் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் சொல்லும் காரணம் எல்லாம் எனக்கு மனப்பாடம். "இப்போது தலை சுற்றவில்லை, அதனால் பிரஷர் இல்லை." "போன தடவை பார்த்தபோது நார்மல் என்று சொல்லிவிட்டார்கள்." நார்மலாக இருந்ததே மாத்திரையால்தான் என்று எவ்வளவு சொன்னாலும் ஏறாது. இன்னும் சிலர் பத்து மாத்திரை வாங்கிப் போய் அதையே ஒரு மாதம் ஓட்டுவார்கள். திருவிழா, கல்யாணம், சஷ்டியப்தபூர்த்தி வந்தால் அந்த வாரம் முழுக்க மாத்திரைக்கு லீவு. பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பேர் சொல்லிக் கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு.

பிரஷர் வலிக்காது. வலிக்காத நோய்க்குத் தினமும் மாத்திரை போடச் சொல்வது பெரிய காரியம்தான், எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு பட்டைக்கு ஆகும் காசைக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வந்து கொடுக்கப்படுகின்றன. பெரிய வீட்டில் இருக்கிறோம், இலவச மாத்திரை வாங்குவதா என்று சில ஆச்சிமார் கூச்சப்படுகிறார்கள். தயவுசெய்து கூச்சப்படாதீர்கள். வீடு தேடி வந்து பிரஷரும் பார்க்கிறார்களே, அதற்காகவாவது கதவைத் திறங்கள்.

பள்ளத்தூர்க்காரன்

டாக்டர், விரிவாக எழுதியதற்கு நன்றி. ஆத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். "அவர் மனசு விட்டுப்போய் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேனே, இது உடம்புக் கோளாறா" என்று கேட்டார்கள். அது தெரிந்ததே அவர்களுக்குப் பாதி ஆறுதல்.

வீட்டில் பிரஷர் மெஷின் வாங்கிவிட்டோம். காலையில் 150, பத்து நிமிஷம் கழித்து 128, மறுபடி 144 என்று காட்டுகிறது. எதை நம்புவது?

புதுவயல் செவிலியர்

மெஷின் மேல் தப்பு இருக்காது, பார்க்கிற விதத்தில் இருக்கும். அப்பச்சியை முதலில் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வையுங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். தரையில் சம்மணம் வேண்டாம், ஊஞ்சலும் வேண்டாம், நாற்காலியில் இரண்டு பாதமும் தரையில் பட, கால் மேல் கால் போடாமல். பட்டையைச் சட்டைக்கு மேல் கட்டாதீர்கள், வெறும் கையில் கட்டுங்கள். கை நெஞ்சு உயரத்தில் மேஜை மேல் இருக்க வேண்டும், தொங்கவிட்டால் கூடுதலாகக் காட்டும். காபி குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தாலும் அளவு ஏறும், அதனால் போய்விட்டு வரச் சொல்லுங்கள். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். காலையும் இரவும் ஒரு வாரம் எழுதி, அந்தத் தாளை அப்படியே டாக்டரிடம் நீட்டுங்கள். ஒரு தடவை வந்த எண்ணை வைத்து யாரும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

முதல் தடவை மட்டும் இரண்டு கையிலும் பாருங்கள். எதில் கூடுதலோ அந்தக் கையை வைத்துக்கொள்ளுங்கள்.

இது எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்று. உட்கார்ந்து பார்த்த பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிஷத்திலும் மூன்று நிமிஷத்திலும் மறுபடி பாருங்கள். பக்கத்தில் ஓர் ஆள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மேல் அளவு 20க்கு மேல் இறங்கினால் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். ராத்திரி எழுந்து பின்கட்டுக்குப் போகும்போது விழுகிற பெரியவர்களில் பல பேருக்கு இந்த இறக்கம்தான். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தண்ணீர் பட்டிருந்தால் அப்புறம் கேட்கவே வேண்டாம். இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டால், ஏற்கெனவே தடுமாறும் மூளை வேகமாகச் சரியும்.

கண்டனூர் பேத்தி

நான் மருத்துவப் புள்ளியியல் படிக்கிறேன், அதனால் ஆர்வத்தில் கேட்கிறேன். எவ்வளவுக்குக் குறைக்க வேண்டும் என்பதில்தானே சண்டை? அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் ஆய்வில் 9,361 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மேல் அளவு 120க்குக் கீழே, இன்னொரு பிரிவுக்கு 140க்குக் கீழே என்று இலக்கு வைத்தார்கள். 2019ல் மூளை பற்றிய முடிவு வந்தது. மறதி நோய்க்கு முந்தைய லேசான தடுமாற்றம் 120க்குக் கீழே இலக்கு வைத்த பிரிவில் 19 சதவீதம் குறைவு. ஆனால் முழு மறதி நோயில் தெரிந்த 17 சதவீதக் குறைவு தற்செயலாகவும் வந்திருக்கலாம், புள்ளியியல்படி உறுதியாகவில்லை. ஆய்வைச் சீக்கிரமே நிறுத்தியதால் போதிய காலம் கிடைக்கவில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்தது சீனாவின் கிராமப்புற ஆய்வு. 326 கிராமங்கள், ஏறக்குறைய 34,000 பேர், எல்லோரும் 40 வயதுக்கு மேல், பிரஷர் கட்டுப்படாதவர்கள். பாதிக் கிராமங்களில் அந்தந்த ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களே, பெரிய டாக்டர்களின் மேற்பார்வையில், மாத்திரையைச் சரிசெய்து, வீட்டில் பிரஷர் பார்க்கக் கற்றுக்கொடுத்து, 130/80க்குக் கீழே கொண்டுவந்தார்கள். நான்கு ஆண்டு முடிவில் மறதி நோய் 15 சதவீதம் குறைந்தது. 2025ல் வெளியானது. பெரிய ஆஸ்பத்திரி இல்லை, ஸ்கேன் இல்லை, புது மருந்து இல்லை. புதுவயல் அக்கா செய்கிற வேலைதான். இதை வாசித்தபோது நம் ஊரில் ஏன் முடியாது என்றுதான் தோன்றியது.

மதுரை நரம்பியல்

மிகச் சரியாகச் சொன்னீர்கள் அம்மா. இரண்டு எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன். ஸ்பிரிண்ட் ஆய்வில் சர்க்கரை நோயாளிகளையும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களையும் சேர்க்கவில்லை. அங்கே பிரஷர் பார்த்த முறையும் ரொம்பக் கட்டுப்பாடானது, தனி அறையில் அமைதியாக உட்கார வைத்துத் தானியங்கி மெஷினில் பார்த்தார்கள். அந்த 120ஐக் கொண்டுவந்து நம் 80 வயதுப் பெரியவர் மேல் அப்படியே பொருத்த முடியாது. நடுத்தர வயதில் கட்டுப்பாடு எவ்வளவு உறுதியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 80க்கு மேல், உடம்பு மெலிந்து, நின்றால் அழுத்தம் இறங்குகிறவருக்கு மெதுவாக, ஆளைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். வருஷக்கணக்கில் 170ல் பழகிய மூளையை ஒரே வாரத்தில் 110க்கு இறக்கினால் கெடுதல்தான்.

பள்ளத்தூர்க்காரர் முதலில் கேட்டதற்கு இப்போது பதில். மூளையில் கெட்டுப்போன பகுதி திரும்பாது. ஆனால் அடுத்த அடைப்பைத் தள்ளிப்போடலாம், அது சின்ன லாபம் இல்லை. இன்னும் பல ஆண்டு அவர் தானே சாப்பிட்டு, தானே குளித்து, உங்களோடு பேசிக்கொண்டிருப்பது அதில்தான் இருக்கிறது.

தேவகோட்டை ஆச்சி

சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. செட்டிநாட்டுச் சமையல் என்றாலே காரமும் மசாலாவும்தான் கெடுதல் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். மிளகும் சோம்பும் கல்பாசியும் யார் ரத்தக்குழாயையும் அடைக்கவில்லை. நான் பார்த்தவரை நம் வீடுகளில் உப்பு ஒளிந்திருக்கிற இடம் வேறு. உப்புக்கண்டம், கருவாடு, மோர் மிளகாய், அப்பளம், வத்தல், ஊறுகாய். குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு இலை ஓரத்தில் இரண்டு மோர் மிளகாய் வைத்தால் கணக்கு எங்கே குறைகிறது? ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தலை தட்டின ஒரு டீஸ்பூன். ஒரு நாள் அளந்து தனியே எடுத்து வைத்துச் சமைத்துப் பாருங்கள், காலை இட்லிச் சட்னியிலேயே பாதி போய்விடும்.

நான் செய்தது இதுதான். மண்டிக்குப் புளியும் மிளகாயும் நன்றாகத் தூக்கலாக வைத்து உப்பைப் பாதியாக்கினேன். வெண்டைக்காய் மண்டி புளிப்பில் நிற்கும், உப்புக் குறைவு தெரியாது. கீரையை வாரத்தில் பாதி நாளாவது வைக்கிறேன். பலகாரம் சுட்ட எண்ணெயை மறுநாள் தாளிக்க எடுப்பதை நிறுத்தினேன். வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் விசேஷத்துக்கு மட்டும். கவுனி அரிசி உடம்புக்கு நல்லது என்று சொல்லிச் சர்க்கரையும் தேங்காயும் கொட்டிச் சாப்பிடுகிறோம், சர்க்கரை நோயாளிக்கு அது விருந்துதான், மருந்து இல்லை. எங்கள் வீட்டு ஐயா முதல் மாதம் முகம் சுளித்தார்கள். இப்போது வெளியே சாப்பிட்டால் உப்புக் கரிக்கிறது என்கிறார்கள்.

புதுவயல் செவிலியர்

ஆச்சி சொன்னது நூற்றுக்கு நூறு. கடையில் "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்கிறார்களே, அதை மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில வகைப் பிரஷர் மாத்திரை போடுகிறவர்களுக்கும் அது ஆபத்து.

சிங்கையிலிருந்து

நேற்று நான் எழுதியதற்குப் பொறுமையாகப் பதில் சொன்ன டாக்டருக்கு நன்றி. சீன ஆய்வைத் தேடி வாசித்தேன். என் அம்மா கானாடுகாத்தானில் தனியாக இருக்கிறார்கள், 72 வயது. பிரஷர் மாத்திரை போடுகிறார்களா என்று போனில் கேட்டால் "போட்டாச்சு" என்பார்கள், அதற்கு மேல் எனக்கு வழியில்லை. ஞாபகத்துக்கு நல்லது என்று விற்கிற ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரையை இங்கிருந்து அனுப்பலாமா? தினம் ஒரு ஆஸ்பிரின் போட்டால் ரத்தம் கட்டாது என்கிறார்களே, அதைத் தொடங்கலாமா?

கோட்டையூர் மருந்துக்கடை

ஜிங்கோ கேட்டு என்னிடமும் வருகிறார்கள். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பியது என்று பெட்டியைக் காட்டி "இதை வைத்துக்கொண்டு பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா" என்று கேட்கும்போது எனக்குப் பகீர் என்கிறது. வல்லாரை லேகியம் வாங்குகிறவர்களும் இதையே கேட்கிறார்கள். வல்லாரையைத் துவையல் அரைத்து ஆசை தீரச் சாப்பிடுங்கள், மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம்.

மதுரை நரம்பியல்

ஜிங்கோவை 75 வயதுக்கு மேற்பட்ட 3,000க்கும் அதிகமானவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள், மறதி நோய் குறையவில்லை. 2008லேயே முடிவு வந்துவிட்டது. ஆஸ்பிரினும் அப்படியே. இதய நோய் இல்லாத முதியவர்கள் 19,000 பேரிடம் நடந்த ஆஸ்ப்ரீ ஆய்வில் மறதி நோய் குறையவில்லை, ரத்தக்கசிவுதான் கூடியது. ஏற்கெனவே மாரடைப்போ அடைப்பினால் வந்த பக்கவாதமோ உள்ளவர்களுக்கு ஆஸ்பிரின் எழுதுவது வேறு கதை, அவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. உங்கள் அம்மாவுக்கு நீங்களாகத் தொடங்கவும் கூடாது.

ஒரு தடவை முழுசாகப் பரிசோதித்துவிடுங்கள். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, வைட்டமின் பி12, ஒரு ஈசிஜி. பி12 குறைவும் தைராய்டு குறைவும் மறதி போலவே வரும், சரிசெய்யலாம். ஈசிஜியில் இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தால் அங்கிருந்து ரத்தக்கட்டி கிளம்பி மூளைக்குப் போகலாம், அதற்குத் தனி மாத்திரை இருக்கிறது. காது கேட்கிறதா, கண்ணில் புரை இருக்கிறதா என்றும் பாருங்கள். மனச்சோர்வையும் மறந்துவிடாதீர்கள். அத்தனை பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஒருவர் பேச்சைக் குறைத்துக்கொண்டால் எல்லாமே மறதி நோய் என்று முடிவுகட்டிவிட முடியாது.

புதுவயல் செவிலியர்

சிங்கை அண்ணே, "போட்டாச்சா" என்று கேட்காதீர்கள், யாராக இருந்தாலும் போட்டாச்சு என்றுதான் சொல்வார்கள். ஏழு நாளுக்கு ஏழு அறை வைத்த மாத்திரைப் பெட்டி கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் நிரப்பட்டும். அம்மா மாத்திரை போடும் நேரத்துக்கு நீங்கள் வீடியோவில் கூப்பிட்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டே போடச் சொல்லுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள வைத்திருக்கும் ஆளிடமும் பெட்டியைக் காட்டிச் சொல்லிவையுங்கள். முதியோருக்கென்று 14567 என்ற இலவச உதவி எண் இருக்கிறது, அதைச் சுவரில் பெரிசாக எழுதி ஒட்டுங்கள்.

அதற்குப் பக்கத்தில் 108ஐயும் எழுதுங்கள். திடீரென வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சு குழறினால், நிலை தடுமாறினால், கண் மங்கினால், உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைக் கோளாறு தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அதுவும் ஸ்கேன் எடுத்த பிறகு. எப்போது கடைசியாக நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊரிலிருந்து ஸ்கேன் உள்ள இடத்துக்குப் போகவே நேரம் ஆகும், அதனால் ஒரு காபி குடித்துப் பார்ப்போம், படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்க நமக்கு நேரமே இல்லை. ஆச்சி எழுதினார்களே, குழறி ஒரு வாரத்தில் தேறியது என்று. பத்து நிமிஷத்தில் தானாகச் சரியானாலும் அன்றைக்கே போக வேண்டும். அடுத்து வரப்போவதற்கு அது முன்னறிவிப்பு.

தேவகோட்டை ஆச்சி

இது அப்போது யாராவது எங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். இனி வாசிக்கிறவர்களுக்காவது தெரியட்டும்.

பள்ளத்தூர்க்காரன்

அப்பச்சியின் ஒரு வாரக் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டினோம். எழுந்து நின்றால் 26 இறங்குகிறது என்று சொன்னதும் டாக்டர் ஒரு மாத்திரையை மாற்றிக்கொடுத்தார். செவிலியர் அக்கா சொல்லாவிட்டால் நாங்கள் நிற்க வைத்துப் பார்த்திருக்கவே மாட்டோம். பி12 மிகக் குறைவாக இருந்தது, ஊசி போடுகிறார்கள். காலையில் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை கையைப் பிடித்து நடக்க வைக்கிறோம். புள்ளிக் கணக்கை ஒரே நோட்டாகக் கொடுக்காமல், ஒரு தடவைக்கு ஒரு பக்கம் மட்டும் தனித்தாளில் எழுதக் கொடுத்தேன். மெதுவாக எழுதுகிறார், கூட்டலில் தப்பில்லை.

எனக்கும் ஒரு வாரம் பார்த்தோம், சராசரி 141/91. மாத்திரை தொடங்கிவிட்டேன். ஒரு சந்தேகம் மட்டும், காலையில் போடுவதா, இரவிலா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

கண்டனூர் பேத்தி

பிரிட்டனில் 21,000 பேரிடம் இதற்கென்றே ஓர் ஆய்வு நடந்தது, 2022ல் முடிவு வந்தது. காலையில் போட்டவர்களுக்கும் இரவில் போட்டவர்களுக்கும் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ வித்தியாசம் இல்லை. உங்களுக்கு மறக்காத நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம் அண்ணே. சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரையாக இருந்தால் மட்டும் காலையில் போடுங்கள், ராத்திரி தூக்கம் கெடாது.

பள்ளத்தூர்க்காரன்

சரி, காலை என்றே வைத்துக்கொள்கிறேன். படைப்புக்குப் பங்காளிகள் வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள், 40 வயதுக்கு மேல் நிறையப் பேர். வந்தவர்கள் எல்லோருக்கும் பிரஷர் பார்த்துவிடலாம் என்று பேசியிருக்கிறோம். புதுவயல் அக்கா, நீங்கள் வர முடியுமா?

புதுவயல் செவிலியர்

வருகிறேன். இன்னொரு மெஷினும் கொண்டுவருகிறேன். பட்டாலைக் கூடத்தில் நான்கு நாற்காலி, ஒரு மேஜை போட்டு வையுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும், பந்தி முடிந்து வந்தால் எண் சரியாக வராது. 140/90க்கு மேல் வருகிறவர்கள் பெயரையும் போன் நம்பரையும் அப்பச்சியே ஒரு தாளில் எழுதட்டும், அடுத்த வாரம் நான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கிறேன்.